குருத்தைத் துளைப்பதும் வேரைப் பற்றுவதும்: காண்டாமிருக வண்டு, சில்வண்டு - ஓர் ஒப்பீடு

கேள்வி

தென்னையின் புது மட்டை விரியும்போது, விசிறியைக் குறுக்கே நறுக்கியதுபோல் அதன் கீற்றுகள் முக்கோண வடிவில் வெட்டுப்பட்டிருந்தால், உச்சிப்புளியிலோ தங்கச்சிமடத்திலோ தோப்பு வைத்திருப்பவருக்கு வேறு அடையாளம் தேவையில்லை. குருத்தில் வண்டு விழுந்திருக்கிறது. வெட்டு இன்றைக்குத் தெரிந்தாலும் காரியம் நடந்து வாரங்கள் ஆகியிருக்கும். மட்டை இன்னும் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு குருத்துக்குள் இருந்தபோது வண்டு அதை நேராகத் துளைத்துச் சென்றது. ஒரே துளை பல மடிப்புகளை ஊடுருவியதால், விரிந்தபின் இருபக்கமும் ஒரே சீராக வெட்டு விழுந்திருக்கிறது. குருத்தின் அடியில் துளைவாயிலைப் பார்த்தால் மென்று துப்பிய நார் திப்பி திப்பியாகத் தள்ளிக் கிடக்கும். இது காண்டாமிருக வண்டின் வேலை.

சில்வண்டு இப்படி எந்தத் தடயமும் வைப்பதில்லை. அதன் குரலை அறியாதவர் அரிது. உடலை அருகே பார்த்தவர் அதைவிட அரிது. குற்றாலத்துக்கோ மேகமலைக்கோ போகிறவர் காதில் காடே இரைவதாகப் படுவது பெரும்பாலும் அதன் ஒலிதான். பயிருக்கு அதனால் பெரிய சேதமில்லை. ஆகவே வேளாண் கையேடுகளில் அதற்கு இடமும் இல்லை.

இரண்டும் பெரிய பூச்சிகள். இரண்டுக்கும் மரமே ஆதாரம். வளர்ந்த பருவத்தில் இரண்டும் மரத்தின் சாற்றைக் குடிக்கின்றன. இரண்டின் இளமையும் நம் கண்ணில் படாமல் கழிகிறது. இவ்வளவு ஒற்றுமை இருந்தும், மனிதர் மரம் நட்டு எருவிட்ட இடமெல்லாம் ஒன்று பெருகுகிறது. மற்றொன்று நிற்கும் மரத்தோடும் கலையாத மண்ணோடும் கட்டுண்டு கிடக்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இவற்றைப் பற்றிய பொதுவான எழுத்துகள் கொம்பையும் வலிமையையும் இரைச்சலையும் பேசுகின்றன. அவை வளர்ந்த பூச்சியின் அடையாளங்கள். விடை இளம் பருவத்தின் உணவில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இரண்டும் யாவை

காண்டாமிருக வண்டு ஓரிக்டஸ் ரைனோசெரஸ் என்ற அறிவியல் பெயரால் அறியப்படுகிறது. 1758இல் லின்னேயஸ் இதை வகைப்படுத்தினார். முன்சிறகுகள் தடித்து ஓடுபோல் இறுகிய வன்சிறகுப் பூச்சிகளின் வரிசையைச் சேர்ந்தது. 35 முதல் 50 மில்லிமீட்டர் நீளம், பளபளக்கும் கருமை, தலையில் பின்னோக்கி வளைந்த ஒற்றைக் கொம்பு. கொம்பு ஆணுக்கு நீளம், பெண்ணுக்குக் குட்டை. ஆனால் சிறுத்துப் பிறந்த ஆணும் உண்டு என்பதால் கொம்பை மட்டும் வைத்துப் பால் சொல்வது தவறாகிவிடும். வண்டைப் புரட்டி வயிற்றின் நுனியைப் பார்க்க வேண்டும். அங்கே செம்பழுப்பு மயிர் அடர்ந்திருந்தால் அது பெண்.

சில்வண்டு, பெயரில் வண்டு இருந்தாலும், வேறு வரிசை. அசுவினி, தத்துப்பூச்சி, மூட்டைப்பூச்சி ஆகியவை அதன் உறவினர்கள். நான்கு சிறகுகளும் மெல்லிய சவ்வு. உட்காரும்போது கூரைபோல் உடலின் மேல் சரிந்து மூடும். உலகில் 3,000க்கும் மேற்பட்ட சில்வண்டு இனங்கள் அறியப்பட்டுள்ளன. மலேயக் காடுகளின் பேரரசுச் சில்வண்டு சிறகு விரித்தால் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். தென்னிந்திய இனங்கள் அவ்வளவு பெரியவை அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் டிஸ்டன்ட் என்ற ஆய்வாளர் கீழை நாட்டுச் சில்வண்டுகளைத் தொகுத்து 1889 முதல் 1892 வரை பெருநூலாக வெளியிட்டார். 2016இல் வெளியான ஒரு பட்டியல் இந்தியா, வங்கதேசம், பூடான், மியான்மர், நேபாளம், இலங்கை ஆகிய ஆறு நாடுகளுக்கும் சேர்த்து 281 இனங்களைக் கணக்கிட்டது. அந்தக் கணக்கும் முடிந்த கணக்கல்ல. கேரளக் காடுகளில் நெடுங்காலம் மலேசிய இனமொன்றின் பெயரால் அழைக்கப்பட்டுவந்த சில்வண்டு, தனி இனம் என்று 2023இல்தான் பிரித்தறியப்பட்டு, சீவீடு என்ற மலையாளப் பெயரையே அறிவியல் பெயரிலும் பெற்றது. ஊரே கேட்டு வளர்ந்த ஒரு குரலுக்கு உரியவர் யார் என்று சொல்ல இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

எருக்குழியும் வேர்முனையும்

காண்டாமிருக வண்டின் பெண் முட்டையிடத் தேடுவது மக்கும் பொருளை. மாட்டு எருக்குழி, கம்போஸ்ட் குவியல், வெட்டிப்போட்ட தென்னை அடிமரம், நின்றபடியே பட்டுப்போன பனை, மட்கிய மரத்தூள் எல்லாம் அதற்கு ஏற்றவை. முட்டை பொரிய 8 முதல் 18 நாள். புழுப்பருவம் 99 முதல் 182 நாள். கூட்டுப்புழு 10 முதல் 25 நாள். வளர்ந்த வண்டு 200 நாளுக்கு மேல் வாழும். தமிழ்நாட்டு வேளாண் கையேடுகள் தரும் கணக்கு இது.

எருக்குழியை வெட்டி வண்டியில் ஏற்றும்போது மண்வெட்டியோடு புரண்டுவரும் தடித்த வெள்ளைப் புழு இதன் பிள்ளை. செம்பழுப்புத் தலை, மார்பில் மூன்று இணைக் கால்கள், பின்பாதி உப்பி, உள்ளிருக்கும் எரு தோல்வழியே சாம்பல் நிறமாகத் தெரியும். வெளிச்சம் பட்டவுடன் பிறைபோல் வளைந்து படுத்துக்கொள்ளும். இந்தப் புழு உயிருள்ள தென்னையை ஒருநாளும் தொடுவதில்லை. சாணத்தையும் மட்கிய நாரையும் தின்று, குடலின் பின்பகுதியில் வாழும் நுண்ணுயிரிகளின் உதவியால் அவற்றைச் செரித்து வளர்கிறது. காட்டில் இது செய்யும் வேலை நன்மையானது: செத்த மரத்தை மண்ணாக்குகிறது. சேதம் முழுவதும் வளர்ந்த வண்டால் வருவது.

சில்வண்டின் கதை கிளையில் தொடங்குகிறது. பெண் தன் முட்டையிடும் ஊசியால் சிறுகிளையின் பட்டையைக் கீறி உள்ளே முட்டைகளை அடுக்குகிறது. பொரிந்த குஞ்சு, அரிசியைவிடச் சிறியது, கிளையிலிருந்து தரையில் விழுந்து மண்ணுக்குள் இறங்குகிறது. பிறகு சில ஆண்டுகள் அது வெளியே வருவதில்லை. முன்னங்கால்கள் தடித்து, பல் வைத்த மண்வெட்டியாக அமைந்திருக்கும். அவற்றால் வேரைச் சுற்றிச் சிறு அறை தோண்டி, வேரில் அலகைச் செருகி, மரம் மண்ணிலிருந்து மேலேற்றும் நீரைக் குடிக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், மரத்தில் கிடைக்கும் உணவுகளிலேயே சத்துக் குறைந்ததை அது தேர்ந்திருக்கிறது. இலையில் உருவாகி இறங்கும் இனிப்புச் சாறு வேறு. வேரிலிருந்து மேலேறும் நீர் வேறு. பின்னதில் 99 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். மீதியில் சிறிதளவு அமினோ அமிலங்களும் உப்புகளும். இதில் இல்லாத சத்துகளைச் சில்வண்டின் உடலுக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியங்கள் ஆக்கித் தருகின்றன. அவை தாயிடமிருந்து முட்டைவழியே பிள்ளைக்குச் செல்கின்றன. இத்தனை ஏற்பாடு இருந்தும் வளர்ச்சி மெதுவானது. வட அமெரிக்காவில் 13 ஆண்டு, 17 ஆண்டு மண்ணுக்குள் இருந்து ஒரே நேரத்தில் வெளிவரும் இனங்கள் உண்டு. மேகாலயாவின் ரி போய் மாவட்டத்தில் 4 ஆண்டுக்கு ஒருமுறை மே மாதத்தில் கூட்டமாக வெளிவரும் இனம் இருக்கிறது. அங்கே அதை நியாங்டாசர் என்கிறார்கள். இரவில் பந்தம் ஏந்திச் சென்று பிடித்து வறுத்து உண்கிறார்கள். 2006, 2010, 2014, 2018 என்று அது வந்த ஆண்டுகள் உலகக் கோப்பைக் கால்பந்து ஆண்டுகளாக அமைந்ததும் தற்செயல்தான். இந்தச் சில்வண்டு தனி இனமாக 2013இல் அறிவிக்கப்பட்டது.

இரண்டு பிள்ளைப்பருவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கேள்வியின் பாதி அவிழ்ந்துவிடுகிறது. வண்டின் புழுவுக்கு வேண்டியது செத்த பொருள். அதை மனிதர் குவித்து வைக்கிறார்கள், அதுவும் தாய் வண்டு இரைதேடும் தோப்புக்கு மிக அருகிலேயே. ஆறேழு மாதம் அந்தக் குவியலைக் கலைக்காமல் விட்டால் ஒரு தலைமுறை முடிந்துவிடும். சில்வண்டின் குஞ்சுக்கு வேண்டியது உயிருள்ள வேர். அதுவும் ஆண்டுக்கணக்கில் வெட்டாத, உழாத, தோண்டாத மண்ணில். மரம் நடுவதால் மட்டும் அது கிடைத்துவிடாது.

வாய்

வளர்ந்த பருவத்தில் இரண்டும் சாறு குடிப்பவை என்று மேலே சொல்லப்பட்டது. குடிக்கும் விதம் வேறு. காண்டாமிருக வண்டு வலிய தாடைகளால் குருத்தின் இளந்திசுவைக் கடித்து நசுக்கி, ஊறும் சாற்றை உறிஞ்சிக்கொண்டு நாரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அது குடிக்கும் அளவு சிறியது. அதற்காக அது இடிக்கும் சுவர் பெரியது. விரியாத பாளையைத் துளைத்தால் காய்ப்பு போகும். வளர்முனையை எட்டிவிட்டால் கன்று செத்துவிடும். துளையின் ஈரத்துக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். அதன் புழு மரத்தின் உள்ளேயே இருந்து குடைந்து, பெரிய மரத்தையும் சாய்க்கும். தோப்புக்காரர் காண்டாமிருக வண்டுக்கு அஞ்சுவதில் பாதி, அதன் பின்னால் வருகிற இந்த விருந்தாளிக்காக.

சில்வண்டின் முகத்தைக் கைக்கண்ணாடியால் பார்க்கிறவருக்கு முதலில் தெரிவது, இரு கண்களுக்கும் நடுவே வரிவரியாக மேடிட்ட ஒரு புடைப்பு. அதற்குள் இருப்பது உறிஞ்சும் தசை. மரம் நீரை மேலே இழுக்கும் இழுவிசையை எதிர்த்து உறிஞ்ச வேண்டியிருப்பதால் அவ்வளவு பெரிய தசை தேவைப்படுகிறது. குடித்த நீரில் பெரும்பகுதி உடனே வெளியேறும். சில்வண்டு நிறைந்த மரத்தடியில் நிற்பவர்மேல் தூறல் விழுவது அதனால்தான். மரத்துக்கு இதனால் வரும் தீங்கு சொற்பம். முட்டையிடக் கீறிய சிறுகிளைகளின் நுனி வாடுவதுண்டு. வட அமெரிக்காவின் கூட்ட இனங்கள் வெளிவரும் ஆண்டுகளில் இளமரங்களில் இது கண்ணுக்குப் படும் அளவுக்கு நடக்கும். அதற்குமேல் அதன்மீது சாட்ட ஒன்றுமில்லை.

ஒலி: கேட்டதும் அளந்ததும்

சில்வண்டைப் பற்றிய பழைய சான்று இலக்கியத்தில் இருக்கிறது. சங்கப் பாடல்களில் சிள்வீடு என்ற பெயரில் அது வருவது பெரும்பாலும் பாலை நிலத்தில். அகநானூற்றுப் பாலைப் பாட்டொன்று, வேரோடு உலர்ந்து உள்ளே பொந்தாகிப்போன மரத்தில் அது ஒலிப்பதைத் தேரின் மணியோசைக்கு ஒப்பிடுகிறது. இதை இயற்கைப் பதிவாக ஏற்பதா, நிலத்தின் வறட்சியைக் கூட்டிக்காட்டும் கவிமரபாகக் கொள்வதா என்று இருபக்கமும் வாதிடலாம். இளமைக்கு உயிருள்ள வேர் வேண்டிய பூச்சி, பட்ட மரத்தில் இருப்பது முரணாகத் தோன்றும். ஆனால் பாடும் ஆண் உட்காரத் தேர்வது திறந்த, உயர்ந்த இடத்தை. இலையற்ற கிளை அதற்கு நன்கு பொருந்தும். கோடையில் வெயிலேற ஒலி பெருகுவதும் உண்மை. புலவரின் கண்ணும் காதும் பிழைக்கவில்லை என்றே இக்கட்டுரை கொள்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே விலக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் இரவு முழுவதும் வீட்டு மூலையிலும் வேலியோரத்திலும் கேட்கும் கிரீச்சொலியைச் சில்வண்டு என்று சொல்பவர் பலர். அதில் பெரும்பங்கு சுவர்க்கோழியுடையது. சுவர்க்கோழி சிறகோடு சிறகை உரசி ஒலிக்கிறது, தரையருகே இருக்கும். சில்வண்டு பகலிலும் அந்தி சாயும் வேளையிலும் மரத்தின் மேலிருந்து ஒலிக்கிறது, உரசுவதில்லை. ஆணின் அடிவயிற்றின் இருபக்கமும் வரியிட்ட விறைப்பான சவ்வு ஒன்று உண்டு. உள்ளிருந்து தசை இழுக்க அது உள்வாங்கி மடியும். விட்டால் பழைய நிலைக்குத் துள்ளும். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு சொடுக்கு. வயிறு ஏறக்குறைய வெறும் காற்றறையாக இருப்பதால் அந்தச் சொடுக்குகள் அங்கே பெருகி வெளிப்படுகின்றன. ஆப்பிரிக்க இனமொன்றின் ஒலி அரை மீட்டர் தொலைவில் 106.7 டெசிபல் என அளக்கப்பட்டிருக்கிறது.

இந்தத் தசை எப்படி இவ்வளவு வேகமாக இயங்குகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம். பிரிங்கிள் என்ற ஆங்கிலேய உடலியல் ஆய்வாளர் இலங்கைச் சில்வண்டுகளின் பாட்டைப் பதிவுசெய்து பகுத்து 1954இல் கட்டுரை வெளியிட்டார். அவருடைய முதன்மையான இனம் பிளாட்டிப்ளூரா கேப்பிட்டாட்டா. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. நம் கைத்தசைக்கு நரம்பு ஒருமுறை சொன்னால் அது ஒருமுறை சுருங்கும். இந்தச் சில்வண்டின் தசை, நரம்பு ஒருமுறை சொன்னால் பலமுறை தானாகவே சுருங்கி விரிகிறது என்று அவர் காட்டினார். ஈயின் பறக்கும் தசையில் காணப்படும் அதே உத்தி. சில்வண்டு ஆய்வின் அடிப்படைக் கட்டுரைகளில் ஒன்று தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையின் பூச்சியிலிருந்து பிறந்தது என்பது நம் வாசகர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

பிரெஞ்சு ஆய்வாளர் ஃபாபர் ஒருமுறை சில்வண்டுகள் பாடிக்கொண்டிருந்த மரத்தடியில் வெடிவைத்துப் பார்த்தார். பாட்டு நிற்கவில்லை. சில்வண்டுக்குச் செவியில்லை என்று அவர் முடிவுகட்டினார். கவனமாகச் செய்த சோதனை, முடிவு பிழை. பின்னாளில் அதன் வயிற்றிலேயே செவிச்சவ்வு இருப்பது தெளிவாயிற்று. அது தன் இனத்தின் பாட்டுக்கு உரிய அலைவரிசையைக் கூர்ந்து கேட்கிறது. வெடியின் கனத்த ஒலி அதற்குப் பொருட்டல்ல.

காண்டாமிருக வண்டு ஊமை என்பதும் சரியல்ல. கையில் அழுத்திப் பிடித்தால் கீச்சிடும். வயிற்றின் நுனிப்பகுதி முன்சிறகின் உட்புறத்தில் உரசுவதால் எழும் ஒலி அது. ஆனால் இணையைத் தொலைவிலிருந்து அழைக்க அது நம்புவது மணத்தை. ஆண் வெளியிடும் எத்தில் 4-மெத்தில் ஆக்டனோயேட் என்ற பொருள் ஆண், பெண் இரண்டையும் ஈர்க்கிறது என்று 1995இல் கண்டறியப்பட்டது. இன்று தோப்புகளில் தொங்கும் இனக்கவர்ச்சிப் பொறிகளில் இருப்பது இதே பொருள். ஒலியால் அழைப்பது மனிதர் கவனத்தைக் கவர்ந்து பாட்டில் இடம்பெற்றது. மணத்தால் அழைப்பது தன் மணத்தாலேயே வாளிக்குள் விழுகிறது.

850 மடங்கு என்ற கதை

காண்டாமிருக வண்டுகள் தம் எடையைப்போல் 850 மடங்கு சுமக்கும் என்று சிறுவர் நூல்களிலும் பொது அறிவுத் துணுக்குகளிலும் இன்றும் படிக்கலாம். 1996இல் ரோஜர் கிராம் என்ற அமெரிக்க ஆய்வாளர் அங்குள்ள காண்டாமிருக வண்டு இனமொன்றின் முதுகில் எடையேற்றி அளந்தார். தன் எடையைப்போல் 30 மடங்கைத் தூக்கிக்கொண்டு அது அரைமணி நேரம் நடந்தது. 100 மடங்கு ஏற்றியபோது அதற்கு மேல் முடியவில்லை. 850 அங்கேயே முடிந்துபோகிறது. 30 மடங்கே வியப்புக்குரியது. அதைப் பெருக்கிச் சொல்லத் தேவையில்லை.

இலங்கையிலிருந்து சமோவாவுக்கு

இளம் பருவத்தின் உணவே ஒரு பூச்சியின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது என்ற வாதத்துக்கு மிக வலுவான சான்று கடல்வழியில் கிடைக்கிறது. 1909இல் இலங்கையிலிருந்து சமோவாத் தீவுக்கு ரப்பர் நாற்றுகள் கப்பலேறின. நாற்றின் வேரோடு வந்த மண்ணிலும் மட்கிலும் காண்டாமிருக வண்டும் போய்ச் சேர்ந்தது. அதுவரை பசிபிக் தீவுகள் அறியாத பூச்சி. அங்கே தென்னையே உணவு, கூரை, வருமானம் எல்லாம். 1953க்குள் ஃபிஜிவரை பரவியது. பலாவுத் தீவுகளில் 1942 அளவில் நுழைந்தபோது நடந்ததைத் தனியாகக் கவனிக்க வேண்டும். போரில் குண்டுவீச்சில் சாய்ந்த தென்னை மரங்கள் அகற்றுவாரின்றிக் கிடந்து மட்கின. அவை வண்டுக்கு முட்டையிடும் களமாயின. பத்தாண்டுகளில் அத்தீவுகளின் தென்னையில் ஏறத்தாழப் பாதி அழிந்தது. 2007இல் குவாம், 2013இல் ஹவாய் என்று இந்தப் பயணம் நம் காலத்திலும் தொடர்கிறது.

ஒரு தொட்டி மண்ணில், ஒரு மூட்டை எருவில், ஒரு மரத்துண்டில் இந்தப் புழு தன் வளர்ச்சியை முடித்துக்கொள்ளும். ஆகையால் அது பயணிக்க வல்லது. வேரிலிருந்து பிரிந்த சில்வண்டுக் குஞ்சு பட்டினியில் சாகும். மண்டபம் முகாமின் பழைய வரலாற்றை அறிந்தவர்க்கு இதில் உறுத்தும் ஒன்று உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலித் தொழிலாளர்களை அங்கே நிறுத்தி, காலரா, பிளேக் அச்சத்தில் உடல் சோதித்து, நாள்கணக்கில் தடுத்துவைத்துத்தான் படகேற்றினார்கள். மனித உடலின்மேல் அவ்வளவு கண்காணிப்பு நடந்த காலத்தை ஒட்டியே, தோட்டப் பயிரின் தொட்டி மண்ணைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வண்டைக் கட்டுப்படுத்திய முயற்சிகளும் இதே திசையைக் காட்டுகின்றன. 1963இல் ஹூகர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் மலேயாவில் இவ்வண்டைத் தாக்கும் வைரஸ் ஒன்றைக் கண்டார். 1967இல் அதைச் சமோவாவில் விட்டார்கள். நோயுற்ற வண்டு உடனே சாவதில்லை. பறந்துபோய் இணைசேர்ந்து, எருக்குழிக்கும் சென்று, எல்லா இடத்திலும் நோயைப் பரப்புகிறது. இந்தியாவில் மத்தியத் தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1980களில் லட்சத்தீவின் மினிக்காயில் இதைப் பயன்படுத்தி நல்ல பலன் கண்டனர். குவாமில் நுழைந்த வகை இந்த வைரஸுக்கு எளிதில் மடிவதில்லை என்று 2017இல் தெரியவந்ததால், பசிபிக் நாடுகள் மறுபடியும் எருக்குழிக்கும் சாய்ந்த மரத்துக்கும் திரும்பியிருக்கின்றன. எந்த மருந்து வந்தாலும், மட்கும் குவியலைக் கவனிக்காமல் இந்த வண்டை வெல்வது கடினம்.

மண்டபம்: பார்க்கப்பட்டதும் பார்க்கப்படாததும்

மண்டபம் கரைக்கு ஆய்வு மரபு குறைவானதல்ல. குருசடைத் தீவின் கடலோர உயிர்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் தனி வெளியீடு கொண்டுவந்தது. அதற்குப் பொறுப்பாயிருந்த கிரேவ்லி, வண்டுகளையும் ஆய்ந்தவர். 1947இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் இங்கிருந்தே இயங்கி, 1971இல் தலைமையகத்தைக் கொச்சிக்கு மாற்றியது. 1986இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா, 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். எல்லாப் பார்வையும் நீரை நோக்கியது. கரையின் மணலில், உடைமரக் காட்டில், பனந்தோப்பில் வாழும் பூச்சிகள் வேளாண்மைக்கு இடையூறு செய்தால் மட்டுமே ஏட்டில் ஏறின. காண்டாமிருக வண்டு ஏறியது. சில்வண்டு ஏறவில்லை.

வண்டைப் பொறுத்தவரை தோப்புக்காரருக்குச் செய்யவேண்டியது தெரியும். மரமேறுபவர் கம்பிக் கொக்கியைத் துளைக்குள் விட்டு வண்டைக் குத்தி இழுப்பார். வேப்பங்கொட்டைத் தூளுடன் இருமடங்கு மணல் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உள்மட்டைகள் மூன்றின் இடுக்கில் இடுவார்கள். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் நீரில் கரைத்து மண்பானையில் வைத்தால், புளித்த வாடைக்கு வண்டு வந்து விழும். எருக்குழியில் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையைக் கலந்தால் புழு பச்சைப் பொடி பூத்துச் சாகும். இவற்றில் அதிகப் பலன் தருவதும் அதிகம் புறக்கணிக்கப்படுவதும் கடைசி வழிதான். காரணம், ஒரு தோப்பில் செய்து பயனில்லை. பக்கத்துத் தோப்பின் பட்ட மரத்திலிருந்து வண்டு பறந்து வந்துவிடும். புயலுக்குப் பின் இது இன்னும் கூர்மையாகும். 2018 நவம்பர் 16இல் கரையேறிய கஜா, தஞ்சை, புதுக்கோட்டை, நாகை, திருவாரூர்ப் பகுதிகளில் தென்னைகளை லட்சக்கணக்கில் சாய்த்தது. பலாவுத் தீவுகளின் படிப்பினையை நினைத்தால், அடிமரங்களை அகற்ற உழவர்க்குத் தரப்படும் பணம் நிவாரணத்தின் ஓரத்தில் இருக்கக் கூடாதது; அடுத்த ஐந்தாண்டுக் காய்ப்பைக் காக்கும் செலவு அது.

சில்வண்டின் பக்கம் வந்தால், கவலைப்படக் காரணங்கள் மண்ணில் இருக்கின்றன. இராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கும் முயற்சி, 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பின் வேகமெடுத்தது. அந்த மரம் பரவியது தீமையே என்பதில் இக்கட்டுரைக்கு ஐயமில்லை. ஆனால் பொக்லைன் கொண்டு மண்ணைப் பல அடி ஆழம் புரட்டும்போது, இடையிடையே நிற்கும் உடையும் வேலும் சேர்ந்து போகின்றன. வேர்மண்ணில் ஆண்டுக்கணக்காக வளர்ந்துகொண்டிருந்தவையும் போகின்றன. நிலத்தடி நீரைப் பற்றி நடந்த அந்த விவாதத்தில் நிலத்தடி உயிர்களைப் பற்றிய பேச்சு எழவே இல்லை. வேர்வழி செலுத்தும் ஊடுருவும் பூச்சிக்கொல்லிகளையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். அவை சாற்றுக் குழாய்களில் நீரோடு ஏறுபவை. அந்த நீரைத்தான் சில்வண்டு குடிக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்கும் வழி எளியது, செலவில்லாதது. முதிர்ந்த குஞ்சு இரவில் மண்ணைவிட்டு ஏறி, மரத்தண்டைப் பற்றிக்கொண்டு, முதுகு பிளந்து சிறகோடு வெளிவரும். காலி மேலோடு பழுப்பாகப் பட்டையிலேயே நாள்கணக்கில் ஒட்டிக் கிடக்கும். அந்த ஓட்டின் அடிவயிற்று நுனியில் முட்டையூசியின் தடம் இருந்தால் வெளிவந்தது பெண், இல்லையேல் ஆண். பாட்டைக் கேட்டு எண்ணினால் ஆண் மட்டுமே கணக்கில் வரும். ஓட்டை எண்ணினால் இரண்டும் வரும். அந்த இடத்து மண்ணில் பிறந்து வளர்ந்தது என்பதற்கும் அதுவே நேரடிச் சான்று. மண்டபத்திலிருந்து தேவிபட்டினம்வரை, உழாத உடைமரக் காடு, ஆண்டுதோறும் கொத்தும் தென்னந்தோப்பு, கருவேலம் பிடுங்கிய தரிசு என்று மூன்று வகை நிலங்களில், ஒரே அளவுப் பரப்பில், கோடையில் வாரம் ஒருமுறை ஓடுகளைப் பொறுக்கி மரத்தின் பெயரோடும் தேதியோடும் குறித்துவைக்கப் பள்ளி மாணவர்களாலும் முடியும். அதே தோப்பின் எருக்குழியைப் பிரிக்கும் நாளில் காண்டாமிருக வண்டின் புழுக்களையும் எண்ணிவிடலாம். இக்கட்டுரையின் வாதம் சரியென்றால் ஓடுகள் உழாத நிலத்திலும் புழுக்கள் தோப்பிலும் மிகுந்திருக்க வேண்டும். கொத்திய தோப்பில் ஓடுகளும் நிறைந்து கிடந்தால் அந்த வாதம் கைவிடப்பட வேண்டியதே.